ஹீட்டருக்கு ஒரு பிளக் பாயிண்ட்

நேயர்களுக்கு வணக்கம். மார்கழிப் பனி இறங்கியதும் உதகை, குன்னூர், கோத்தகிரி வீடுகளில், "கட்டிலோரம் ஹீட்டருக்கு ஒரு பிளக் பாயிண்ட் வேணும்" என்ற பேச்சு வந்துவிடும். பக்கத்துச் சுவிட்ச் போர்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். வேலையை லைசென்ஸ் உள்ள ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கேட்க வேண்டியதை நான் சொல்கிறேன்.

முதல் கேள்வி, லைன் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். லைட் போர்டில் இருப்பதோ 6 ஆம்பியர் சாக்கெட். செல்போன் சார்ஜருக்கும் டிவிக்கும் அதிலிருந்து தாராளமாக எடுக்கலாம். ஹீட்டரைப் போட்டால் சாக்கெட் சூடாகும், துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறும், ஒருநாள் கருகும். ஹீட்டருக்கும் கீசருக்கும் மெயின் போர்டிலிருந்தே தனி லைன்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், கரண்ட் அளவு மீறினால் தானே இறங்கும் தனி 16 ஆம்பியர் எம்சிபி, 16 ஆம்பியர் சாக்கெட்.

அடுத்தது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர். பழைய வீட்டுப் போர்டுகள் சிலவற்றில் சுவிட்சுக்குக் கரண்ட் வரும் ஃபேஸ் ஒயர் மட்டும்தான் வந்திருக்கும். நியூட்ரல் நேராக விளக்குக்குப் போயிருக்கும். அங்கே வேறு சர்க்யூட்டின் நியூட்ரலை இரவல் வாங்கக் கூடாது. பின்னாளில் ஒரு எம்சிபியை இறக்கிவிட்டு வேலை செய்பவருக்கு அந்த நியூட்ரல் வழியே ஷாக் அடிக்கும்.

இப்போது எர்த், அதாவது கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் ஒயர். எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதாது. பச்சை ஒயர் இல்லாமல் பிளக் பாயிண்ட் வைக்கவே கூடாது. ஹீட்டருக்குள் ஃபேஸ் ஒயர் நைந்து தகரத்தைத் தொட்டால், எர்த் இருக்கும் வீட்டில் மின்சாரம் அந்த வழியே பாய்ந்து எம்சிபியோ, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபியோ இறங்கிவிடும். எர்த் இல்லாத வீட்டில் எதுவும் இறங்காது. ஹீட்டர் தகரத்தில் 230 வோல்ட் அப்படியே நிற்கும், ஈரக்கால் வைத்துத் தொடுகிறவரை. எர்த் இழுக்கச் சோம்பி, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்ப் அங்கே நன்றாகவே எரியும், எர்த் இருக்கிறது என்று நம்பிவிடுவோம். மெயினுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் நியூட்ரல் கழன்றால், ஹீட்டரின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். அதனால் மூடுவதற்கு முன் சாக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மூன்று முனைக்கும் தனித்தனி ஒயர் வந்திருக்க வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். நம் மலையில் பாறை மண். மாசி, பங்குனியில் மழையில்லாமல் எர்த் குழி காய்ந்துவிடும். அப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

இடத்தையும் யோசியுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் உள்ளே ஓதம் இழுக்கும். முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். நடுச்சுவரில் வையுங்கள்.

நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெயினை இறக்கியபின், டெஸ்ட் லாம்பைக் கரண்ட் இருக்கிற இன்னொரு இடத்தில் எரியவிட்டுப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி அங்கே பார்த்த பிறகுதான் ஒயர்மேன் கை வைக்க வேண்டும். டேப் சுற்றிய முறுக்கு இணைப்பு சுவருக்குள் வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்தால், இந்த வேலையோடு அதையும் போட்டுவிடுங்கள். வணக்கம்.