நரகத்திலிருந்து ஓடிவந்த 113 பேர்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பினாங்கில் சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். சாலையோரத்தில் ஊதுபத்தியும் சிவப்பு மெழுகுவத்தியும் எரியும். பக்கத்தில் சோறு, பழம், சின்னக் கோப்பையில் தேநீர். மாலையானால் மேடை போட்டுக் கூத்தும் பாட்டும். முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். நின்று கால் வலித்தாலும் யாரும் அங்கே போய் உட்கார மாட்டார்கள், அது கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளின் இடம். புக்கிட் மெர்தாஜாமில், பேய்களுக்கு அரசனான தாய் சூ யா உருவத்தைக் காகிதத்தில் மாடி உயரத்துக்குச் செய்து நிறுத்தி, கடைசியில் தீ வைத்து வழியனுப்புவார்கள். இந்த ஒரு மாதம் நரகத்தின் கதவு திறந்திருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து பசியாறிவிட்டுப் போகிறார்கள் என்பது நம்பிக்கை. நாமும் அவர்களோடு சேர்ந்து வளர்ந்தவர்கள்தானே. "சீனப் பேய் மாசம், இருட்டினதுக்கு அப்புறம் வெளிய சுத்தாதே" என்று வீட்டில் அதட்டு வாங்காத தமிழ்ப் பிள்ளைகள் இங்கே குறைவு.

மாதம் முடிந்ததும் வந்தவர்கள் திரும்பிவிடுவார்கள், கதவு மூடிவிடும். அதுதான் ஏற்பாடு.

வெளியே வந்தவர்களில் 113 பேர் திரும்பிப் போக மறுத்துவிட்டால் என்ன ஆகும்? நான் இன்று பேச வந்திருக்கும் தொலைக்காட்சித் தொடர் அங்கேதான் தொடங்குகிறது. பெயர் 'பிரிம்ஸ்டோன்'. அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1998 அக்டோபரில் ஆரம்பித்து, 1999 பிப்ரவரியில் நின்றுபோனது. மொத்தமே 13 பாகங்கள். உருவாக்கியவர்கள் ஈதன் ரீஃப், சைரஸ் வோரிஸ் என்ற இருவர். பிறகு 2008இல் வந்த 'குங்ஃபூ பாண்டா' படத்தின் கதையும் இவர்களுடையதுதான். அந்தக் குண்டுக் கரடியை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதே இருவர் பத்து ஆண்டுகளுக்கு முன் செய்த இந்த வேலையைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேர் இதை இன்னும் விடவில்லை. என் தங்கை மகன் அவர்களில் ஒருவன். அவன் சொல்லித்தான் நான் பார்த்தேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க் போலீஸ் துப்பறிவாளன் இசேக்கியல் ஸ்டோன். 1983இல் அவன் மனைவி ரோசலினை ஒருவன் பாலியல் வன்கொடுமை செய்கிறான். ஸ்டோன் அவனைத் தேடிப் பிடித்துக் கொன்றுவிடுகிறான். இரண்டு மாதம் கழித்து அவனும் செத்துப் போகிறான். நல்ல போலீஸ்காரன், ஆனாலும் அந்த ஒரு கொலைக்காக நேரே நரகம். அங்கே பதினைந்து ஆண்டு கிடக்கிறான். அப்போதுதான் 113 பேர் நரகத்தை உடைத்துக்கொண்டு பூமிக்கு ஓடிவிடுகிறார்கள். சாத்தான் ஸ்டோனிடம் வருகிறான். ஓடிப்போன அத்தனை பேரையும் திருப்பி அனுப்பு, உனக்கு இன்னொரு முறை பூமியில் வாழ்க்கை தருகிறேன் என்கிறான். ஸ்டோன் ஒத்துக்கொள்கிறான்.

பேய்க்கதை எழுதுகிறவர்கள் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆவிக்கு எல்லாம் முடியும் என்று வைத்துவிடுவார்கள். எல்லாம் முடியும் என்றால் கதையில் எதற்கும் மதிப்பில்லை, அடுத்தது என்ன என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். இந்தத் தொடரில் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. ஓடிப்போன ஒவ்வொருவருக்கும் ஒரு குறி ஸ்டோனின் உடம்பில் பச்சை குத்தியிருக்கிறது. கண்களை அழித்தால்தான் அந்த ஆவி நரகத்துக்குத் திரும்பும், வேறு எங்கே சுட்டாலும் பயனில்லை. ஒருவர் போனதும் அவருக்கு உரிய குறி தோலிலிருந்து மறைந்துவிடும். நரகத்தில் யார் அதிக காலம் இருந்தார்களோ அவர்களுக்குச் சக்தி அதிகம். உயிரோடு இருக்கும் மனிதர்களால் ஸ்டோனுக்கு ஆபத்து இல்லை, ஓடிப்போனவர்களால் மட்டும்தான் அவனை ஒழிக்க முடியும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விதி பணத்தைப் பற்றியது. செத்த அன்று ஸ்டோனின் சட்டைப்பையில் என்ன இருந்ததோ அது ஒவ்வொரு காலையிலும் திரும்ப வந்துவிடும். துப்பாக்கி, போலீஸ் வில்லை, அப்புறம் 36 டாலர் 27 சென். ஒரு சென் கூடாது, ஒரு சென் குறையாது. அதை வைத்துத்தான் அவன் மலிவான விடுதியில் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், பேருந்துக்குக் கொடுக்க வேண்டும். நரகத்து வேலைக்கு வந்தவன் அன்றாடக் கூலிபோல் சில்லறை எண்ணுகிறான். நம் பெரியவர்கள் தோட்டத்தில் பெற்ற நாள்கூலி என் நினைவுக்கு வந்தது. அமானுஷ்யம் என்றால் இடியும் மின்னலும் என்று நினைத்திருப்போம். இங்கே அது சட்டைப்பைக்குள் கிடக்கும் 27 சென். அந்தச் சில்லறை நம்பும்படி இருப்பதால் மீதி எல்லாவற்றையும் நம்பிவிடுகிறோம்.

ஸ்டோனாக நடித்தவர் பீட்டர் ஹார்ட்டன். தூக்கம் கெட்ட முகம், சத்தம் போடாத பேச்சு. 1983இல் கண்மூடியவன் 1998இல் கண்திறக்கிறான். கைத்தொலைபேசி, இணையம் எல்லாம் அவனுக்குப் புதிது. அதையெல்லாம் கடந்துவிடலாம். கடக்க முடியாதது அவன் மனைவி. ரோசலின் இப்போது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறாள். அவளுக்கு 15 வயது கூடிவிட்டது, அவன் செத்த வயதிலேயே நிற்கிறான். அவளைப் பொறுத்தவரை அவன் எப்போதோ புதைத்துவிட்ட கணவன். எதிரே போய் நின்று என்ன சொல்வான்? தொலைவில் நின்று பார்ப்பதைத் தவிர வழியில்லை. அவளுக்காகச் செய்த கொலைதான் அவனை நரகத்துக்கு அனுப்பியது, அந்த நரகம்தான் அவளிடமிருந்து அவனைப் பிரித்தது. இதைத் தொடர் நீட்டி முழக்கவில்லை, பின்னணி இசையை வைத்து நம்மை அழவைக்கப் பார்க்கவும் இல்லை. நிறம் வடிந்து நீலம் பாய்ந்த அந்தப் படப்பிடிப்பே பாதிச் சோகத்தைச் சொல்லிவிடுகிறது.

சாத்தானாக ஜான் குளோவர். பின்னாளில் 'ஸ்மால்வில்' தொடரில் லயனல் லூதராக வந்தவர். கொம்பும் வாலும் இல்லை, நன்றாக உடுத்தியிருப்பான், சிரித்துச் சிரித்துப் பேசுவான். ஸ்டோன் எங்கே இருந்தாலும் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்பான். குத்திக் காட்டுவான், பயமுறுத்துவான், சில சமயம் ஸ்டோனுக்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே துணை இவன்தானோ என்று தோன்றும்படி நடந்துகொள்வான். எழுத்தும் நடிப்பும் இப்படி ஒன்றாகக் கூடி வருவது அரிது. இந்த ஒருவருக்காகவே 13 பாகத்தையும் பார்க்கலாம்.

சரி, இதையெல்லாம் ஒரு வயதானவர் ஏன் வானொலியில் உட்கார்ந்து சொல்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். நான் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவன். குற்றத்தை ஒப்புக்கொண்டபின், தண்டனை சொல்வதற்கு முன்னால், தன் நிலையை எடுத்துச் சொல்ல ஒருவருக்கு வாய்ப்புக் கொடுப்பார்கள். அப்போது நான் கேட்ட பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "செஞ்சது தப்புதாங்க ஐயா. ஆனா அவன் என் குடும்பத்த என்ன செஞ்சான்னு கேளுங்க." பொய்யாகச் சொன்னவர்கள் உண்டு. உண்மையாகச் சொன்னவர்கள் அதிகம். அதைக் கேட்டு நீதிபதி இரங்கலாம், ஆண்டைக் குறைக்கலாம், ஆனால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. ஸ்டோனைப் பார்த்தபோது கூண்டில் நின்ற பல முகங்கள் எனக்குத் தெரிந்தன. தொடர் அவனுக்கு வக்காலத்து வாங்கவில்லை, அவனை வெறுக்கவும் இல்லை. செய்தாய், இனி இதைச் செய்து தீர் என்கிறது.

தண்டனைக்கு முடிவு உண்டா? இந்தக் கேள்விதான் தொடரின் உயிர் என்று நினைக்கிறேன். நம் புராணங்களில் நரகத்துக்கு முடிவு இருக்கிறது. சித்திரகுப்தன் ஏட்டைப் பிரிப்பான், எமதர்மன் தீர்ப்புச் சொல்வான், எண்ணெய்க் கொப்பரையோ முள் மரமோ அனுபவித்து முடித்தால் மறுபடி ஒரு பிறவி. சீனர்களின் நரகத்துக்கும் அப்படித்தான், தண்டனை முடிந்தால் மறுபிறப்பு, நடுவில் ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்பும் உண்டு. பிரிம்ஸ்டோனில் வரும் நரகம் மேற்கத்திய மரபின் நரகம். உள்ளே போனால் போனதுதான், காலம் முடிவதில்லை. அதனால்தான் சாத்தான் கொடுக்கும் அந்த வாய்ப்பு அவ்வளவு பெரிதாக இருக்கிறது. நமக்குப் பழகிப்போன ஒன்றுக்காக, இன்னொரு பிறவிக்காக, ஸ்டோன் 113 பேரைத் துரத்துகிறான். தமிழராக இருந்து இதைப் பார்க்கும்போது அவன் மேல் கூடுதலாகவே இரக்கம் வருகிறது.

நம் மலேசியாவிலும் இந்தக் கேள்வி வெறும் கதையாக இருந்ததில்லை. 2023இல்தான் கட்டாய மரண தண்டனையை நீக்கினார்கள். சாகும்வரை சிறை என்ற தண்டனையும் போய், 30 முதல் 40 ஆண்டு என்று ஒரு எல்லை வந்தது. முன்பே தீர்ப்புப் பெற்றவர்களின் வழக்குகளைக் கூட்டரசு நீதிமன்றம் மறுபடி எடுத்துப் பார்த்தது. முடிவில்லாத ஒன்றுக்கு ஓர் எண் கிடைத்தால் உள்ளே இருப்பவருக்கும் வெளியே காத்திருக்கும் தாய்க்கும் அது என்னவாக இருக்கும் என்பதை, கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடியும். தாயின் முகம்தான் முதலில் மாறும். ஸ்டோனின் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு குறியும் அப்படி ஓர் எண்தான்.

இன்னும் பார்க்காதவர்கள் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஆஷ் என்று ஒரு பெண் போலீஸ் அதிகாரி வருகிறாள், டெரி போலோ நடித்தது. ஸ்டோனோடு நட்பாகப் பழகுகிறாள், நமக்கும் பிடித்துவிடுகிறது. பிறகு தெரிகிறது, அவளே ஓடிவந்தவர்களில் ஒருத்தி. ஒருத்தி மட்டும் இல்லை, அத்தனை பேரையும் கிளப்பிக்கொண்டு வந்த தலைவி. பழைய கானான் நாட்டில் பூசாரியாக இருந்தவள், ஆயிரக்கணக்கான ஆண்டு நரகத்தில் கிடந்தவள். ஸ்டோன் எந்த விடுதலைக்காக உழைக்கிறானோ அதே விடுதலையைத்தான் அவளும் எடுத்துக்கொண்டாள், அனுமதி கேட்காமல். இங்கிருந்து கதை எவ்வளவு தூரம் போயிருக்கலாம்!

போகவில்லை. பார்வையாளர்கள் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் இளைஞர்கள் வெளியே போய்விடும் நேரம், தொடருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்த இரவுதான். இதற்கு முன்னால் 1974இல் 'கோல்சாக்' என்ற தொடருக்கும் இதே கதிதான். சிகாகோவில் பேய் பிசாசு வழக்குகளைத் துருவும் ஒரு செய்தியாளர், 20 பாகத்தோடு நின்றுபோனார். அதைப் பார்த்து வளர்ந்த கிறிஸ் கார்ட்டர்தான் பிறகு 'எக்ஸ் ஃபைல்ஸ்' எடுத்தார். குறைந்த நாளே ஓடியது என்பதால் ஒரு தொடர் குறைந்தது ஆகிவிடாது. ஆனாலும் பிரிம்ஸ்டோன் நின்றதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். ஸ்டோனின் தோலில் குறிகள் மிச்சம் இருக்கும்போதே கதை நின்றுவிட்டது. கடைசிக் குறி மறையும் நாளில் அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

நம் ஊரில் தொலைக்காட்சி நாடகம் எழுதும் இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு செய்தி சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இந்தியாவிலிருந்து கைதிகளை இந்தத் தீவுக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ்டவுனில் சாலை போட்டவர்கள், வாய்க்கால் வெட்டியவர்கள், கட்டடம் எழுப்பியவர்களில் அவர்களும் உண்டு. 1873இல்தான் அந்த ஏற்பாடு முடிந்தது. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1849 வரை இருந்தது. தண்டனை முடிந்து இங்கேயே தங்கியவர்கள் இருந்தார்கள். நெற்றி எழுத்து தெரியாமலிருக்க முண்டாசை இறக்கிக் கட்டிக்கொண்டு நடந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் இன்றைக்குக் காலையில் லெபோ பசாரில் கண்விழிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் எழுத்து அப்படியே இருக்கிறது, இடுப்பில் அந்தக் காலத்துச் செப்புக்காசு சில. அவனை யார் அனுப்பினார்கள், என்ன வேலைக்கு, எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். எமதர்மன் எப்படி உடுத்தி வருவார் என்பதையும் சேர்த்து.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.