அந்த பாத்ரூம் சாவி

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டு ஊர்கள்ல 31 வருஷம் டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவ நான். காரைக்குடியில அழகப்பர் ஆரம்பிச்ச காலேஜ்லதான் பி.எட் படிச்சேன், ஊருக்கே படிப்பு வரணும்னு சொந்த வீட்டையே பொம்பளப்பிள்ளைங்க காலேஜுக்கு எழுதிக்குடுத்தவர் அவர், அதனால படிச்சு முடிக்கும்போது பெரிய கனவோடதான் வெளிய வந்தேன்.

முதல் ஸ்கூல் தேவகோட்டை பக்கம். டீச்சர்ஸுக்கு இருந்த ஒரே பாத்ரூமோட சாவி ஹெச்.எம். சேருக்குப் பின்னாடி ஆணியில தொங்கும், அவர் ஆம்பள, ஒவ்வொரு தடவையும் போய் "சார், சாவி"ன்னு நிக்கணும், அதுக்குக் கூச்சப்பட்டே நாங்க நாலு பேரும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டோம். தொண்டை வறண்டு போயிதான் கடைசி பீரியட்ல செய்யுள் நடத்துவேன். ஒருநாள் பஸ் லேட்டு, பிரேயர்ல பிள்ளைங்க முன்னாடியே பேர் சொல்லிக் கேட்டார். அன்னைக்கு உள்ள ஏதோ விட்டுப்போச்சு. நாலு பத்துக்கு பெல் அடிச்சா நாலு பத்துக்கே பையைத் தூக்கிருவேன்.

மேயர், ஆலன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1991-ல இதப்பத்தி எழுதியிருக்காங்க. ஒருத்தர் வேலையில நிலைச்சு இருக்குறது மூணு விதமாம், மனசு ஒட்டி இருக்குறது, விட்டா நஷ்டம்னு இருக்குறது, இருக்க வேண்டியது கடமைன்னு இருக்குறது. நான் மொதோ வகையில போய் சேர்ந்து மூணே வருஷத்துல ரெண்டாவதுக்கு வந்துட்டேன். சம்பளத்துக்காக மட்டும் போயிட்டு வந்தேன், அத இப்ப சொல்லவே வலிக்குது.

அப்புறம் கானாடுகாத்தான் பக்கம் மாறுதல். அங்கயும் பஸ் லேட்டுதான். அந்த ஹெச்.எம். அம்மா என்னப் பார்த்ததும் "வாங்க டீச்சர், உங்க கிளாஸ நான் பாத்துக்கிட்டு இருந்தேன், மொதல்ல தண்ணி குடிங்க"ன்னாங்க. அவ்வளவுதான். பாத்ரூம் சாவி ஸ்டாஃப் ரூம் கதவுலயே தொங்கும், யாரும் யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல. ரெண்டே மாசத்துல நான் சனிக்கிழமை போய் மெல்லக் கத்துக்குற பிள்ளைங்களுக்கு வாசிப்பு சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சேன், யாரும் சொல்லல. அதே நான்தானே? டீச்சர்ஸுக்கு ஈடுபாடு இல்லன்னு பேசுறவங்க மொதல்ல அந்த ஸ்கூல் எப்படி இருக்குன்னு பாக்கணும்னு நான் நினைக்கிறேன்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில ஒரு டீச்சருக்கு ஒரு கிளாஸ்ரூம், குடிதண்ணி, பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் தனித்தனி டாய்லெட், மைதானம், காம்பவுண்ட் எல்லாம் இருக்கு, ஆனா டீச்சர்ஸுக்குன்னு டாய்லெட் பத்தி அதுல ஒரு வரி இல்ல. அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் இருக்குற ஸ்கூல்ல 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர்னும் அதே சட்டம்தான் சொல்லுது, ஒருத்தர் ட்ரெயினிங்குக்குப் போயிட்டா இன்னொருத்தர் அஞ்சு கிளாஸையும் ஒரே ஹால்ல உக்கார வச்சு என்னதான் பண்ணுவாங்க சொல்லுங்க.

நம்ம ஊர் ஆச்சிமார், அய்யாமார் கேட்டுக்கிட்டு இருப்பீங்க, கோயில் திருப்பணிக்கு அள்ளிக் குடுக்குற கை உங்களோடது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்குப் போனா டீச்சர்ஸ் பாத்ரூம்ல தண்ணி வருதா, சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. வணக்கம்.