எடிஸ்டோ தீவிலிருந்து ஒரு மனு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் ஒழிந்தது. லிங்கன், உள்நாட்டுப் போர், 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஏறக்குறைய 40 லட்சம் பேருக்கு விடுதலை கிடைத்தது. பாடம் அதோடு முடிந்துவிடும். அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால், படிப்பில்லை, பணமில்லை, திடீரென்று வந்த சுதந்திரத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறினார்கள் என்று ஒரு பதில் தயாராக இருக்கும். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. என்ன வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வாய்விட்டுக் கேட்கவும் செய்தார்கள்.

1865 ஜனவரி 12, ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா நகரம். போர் இன்னும் ஓயவில்லை. அரசுத் தரப்பான வடக்குப் படையின் தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலாளர் ஸ்டான்டனும் கறுப்பினத் திருச்சபைப் பெரியவர்கள் 20 பேரை அழைத்துப் பேசினார்கள். எல்லார் சார்பிலும் பேசியவர் காரிசன் ஃபிரேசியர். வயது 67. எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பொன்னும் வெள்ளியுமாக 1000 டாலர் எண்ணிக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் மீட்டுக்கொண்டவர். உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ள என்ன வழி என்று கேட்டார்கள். நிலம், என்றார் அவர். நிலம் இருந்தால் எங்கள் உழைப்பிலேயே பயிரிட்டுப் பிழைப்போம், கொஞ்சம் மிச்சமும் பிடிப்போம்; விலை கொடுத்து வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வரை எங்களை நிலத்தில் இருக்க விடுங்கள் என்றார். கவனியுங்கள், அவர் இனாமாகக் கேட்கவில்லை.

நான்கே நாளில் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரை, கடலோரத் தீவுகளும் முதலாளிகள் விட்டுவிட்டு ஓடிய நெல்வயல்களும் இவர்களுக்கு. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல் பிரித்துக் கொடுத்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் அங்கே குடியேறிப் பயிர் வைத்துவிட்டார்கள்.

இதற்கிடையில் ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன், எதிர்த்துப் போரிட்ட பண்ணை முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்போடு நிலமும் திரும்பியது. குடியேறியவர்களிடம் அதை யார் போய்ச் சொல்வது? விடுதலையானவர்களின் நலனுக்கென்று ஏற்படுத்திய துறையின் தலைவர் ஜெனரல் ஹோவர்ட் தலையில் அந்த வேலை விழுந்தது. போரில் வலது கையை இழந்தவர், மனதளவில் இம்மக்கள் பக்கம் நின்றவர். அக்டோபரில் தென் கரோலினாக் கடலோரத்தில் உள்ள எடிஸ்டோ தீவின் தேவாலயத்தில் கூட்டம். உள்ளே நிற்க இடமில்லை. விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் ஒரே கூச்சல். அவருக்குப் பேச்சு வரவில்லை. ஒரு பெண் துக்கப் பாட்டு ஒன்றை எடுக்க, கூட்டமே சேர்ந்து பாடியது. பிறகு மேல்மாடத்திலிருந்து ஒருவர் கேட்டார்: அரசுக்கு எப்போதும் உண்மையாக இருந்தவர்கள் நாங்கள், எங்களிடமிருந்து பிடுங்கி எதிரிக்கா கொடுக்கிறீர்கள்? ஹோவர்ட் இதைத் தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார்.

பழைய முதலாளிகளை மன்னித்துவிடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதற்கு ஊரார் சார்பில் மூன்று பேர் எழுதிய பதில் மனு இன்றும் இருக்கிறது. அதன் சாரம் இது. போரில் நீங்கள் ஒரு கையைத்தான் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவனை, என் தாயையும் தங்கையையும் துணியை உரித்து அடித்தவனை நான் எப்படி மன்னிப்பேன்? அவன் சொன்ன கூலிக்கு அவன் நிலத்தில் வேலை செய்தால் ஒழிய, காலியாகக் கிடக்கும் குடிசையில்கூட என்னை இருக்க விடமாட்டேன் என்கிறானே. விவரம் தெரியாதவர்கள் எழுதும் கடிதமா இது?

நிலம் போனால் மிச்சம் கூலி வேலை. அதற்கும் சட்டம் தயாராக இருந்தது. மிசிசிப்பி மாநிலம் 1865 கடைசியில் போட்ட சட்டங்களைப் பாருங்கள். நகரத்துக்கு வெளியே கறுப்பினத்தவர் நிலம் குத்தகைக்கு எடுக்கக் கூடாது. ஜனவரி பிறந்தால் வேலையில் இருப்பதற்கு எழுத்தில் அத்தாட்சி காட்ட வேண்டும். காட்டாதவர் நாடோடி. நாடோடிக்கு 50 டாலர் வரை அபராதம். ஐந்து நாளில் கட்டாவிட்டால், யார் கட்டுகிறாரோ அவரிடம் வேலைக்கு ஒப்படைத்துவிடுவார்கள். ஒப்பந்தக் காலம் முடியும் முன் விலகினால் அந்த ஆண்டுக் கூலி முழுவதும் போச்சு. பிழைக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளை நீதிமன்றமே வேலை பழக அனுப்பும்; அதில் முன்னுரிமை பழைய எஜமானுக்கு! இரண்டொரு ஆண்டில் வாஷிங்டன் தலையிட்டு இவற்றை நீக்கியது. ஆனால் நாடோடிச் சட்டம் பின்னாளில் வேறு வேறு பெயரில் திரும்பி வந்தது. அதில் பிடிபட்டவர்களைச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் கைதிகளாக வாடகைக்கு விட்டார்கள். அலபாமாவில் இது 1928 வரை நடந்தது.

மற்றவர்கள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்குப் பயிரிட்டார்கள். நம் ஊர் வாரச் சாகுபடி அறிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நிலம், கோவேறு கழுதை, விதை எல்லாம் முதலாளியுடையது. பருத்தி விளைந்தால் ஆளுக்குப் பாதி. அறுவடை வரை சாப்பாட்டுக்கு மாவும் பன்றி இறைச்சியும் அவர் கடையிலோ அவருக்கு வேண்டியவர் கடையிலோ கடன். கடனுக்கு ஈடு, விளையப்போகும் பருத்தியில் இவர் பங்கு. கணக்கு எழுதுவது கடைக்காரர். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது குற்றம் என்று பல மாநிலங்களில் சட்டம் இருந்த காலத்தில் வளர்ந்தவர், அந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பார்? ஆண்டுக் கடைசியில் பாக்கி நிற்கும். அடுத்த ஆண்டும் அதே நிலம்.

மிச்சம் பிடித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகவே 1865இல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். அரசாங்க வங்கி என்று நம்பித்தான் பலர் போட்டார்கள். நிர்வாகிகள் அந்தப் பணத்தைத் தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கடனாக வாரிவிட, 1874இல் வங்கி மூடப்பட்டது. 61,000 பேரின் பணம், சுமார் 30 லட்சம் டாலர், மாட்டிக்கொண்டது. யார் கைக்கும் அது முழுசாக வந்து சேரவே இல்லை.

பணத்தையாவது மறுபடி சம்பாதிக்கலாம். விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயை, பிள்ளையை எங்கே தேடுவது? நியூ ஆர்லியன்ஸில் ஒரு திருச்சபைப் பத்திரிகை 1879 முதல் இதற்கென்றே ஒரு பகுதி வெளியிட்டது. சந்தாதாரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 50 சென்ட். போதகர்கள் இந்த விளம்பரங்களைப் பிரசங்க மேடையிலிருந்து வாசிக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் கூடவே அச்சாகும். அவற்றைப் படித்தால் ஒன்று கண்ணில் படும். அம்மா பெயர் இன்னது, கூடப் பிறந்தவர்கள் இன்னார் என்று எழுதியவுடன், நாங்கள் இன்னாருக்குச் சொந்தமாக இருந்தோம், அவர் எங்களை இன்னாருக்கு விற்றார் என்று வரிசையாக எஜமானர்கள் பெயர் வரும். வேறு விலாசம் கிடையாது. விற்ற இடத்தில் பெயரும் மாறியிருக்கும். விடுதலையாகிப் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்தும் இப்படித் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இழப்பீடு? கொடுத்தார்கள், எஜமானர்களுக்கு. 1862இல் வாஷிங்டன் நகரில் அடிமைகளை விடுவித்தபோது, அரசுக்கு விசுவாசமான உடைமையாளர்களுக்குத் தலைக்கு 300 டாலர் வரை தர ஏற்பாடு. விடுதலையானவர்களுக்கும் 100 டாலர் வரை உண்டு, நாட்டை விட்டுப் போவதாக இருந்தால்.

டென்னசியில் அடிமையாகப் பிறந்த காலி ஹவுஸ் என்ற பெண், துணி துவைத்து ஐந்து பிள்ளைகளை வளர்த்த விதவை. முன்னாள் அடிமைகளுக்கு ஓய்வூதியம் கேட்டு 1890களில் ஒரு சங்கம் கட்டினார். மாதச் சந்தா சில சென்ட்; நோயுற்ற உறுப்பினருக்கு உதவி, இறந்தால் அடக்கச் செலவு. ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். 1860களில் பருத்திக்கு அரசு வாங்கிய வரி எங்கள் உழைப்பின் பணம் என்று 1915இல் வழக்கும் போட்டார்கள், தள்ளுபடியானது. 1917இல் அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை. அரசு ஒருநாளும் ஓய்வூதியம் தரப்போவதில்லை, தரும் என்று நம்பவைத்துத் தபால் மூலம் சந்தா வசூலித்தது மோசடி என்பதே அவர் மேல் சாட்டிய குற்றம்.

வணக்கம்.