அடுப்படியில் ஐந்து லிட்டர்: முதல் பீர் காய்ச்சுபவர்களுக்கு

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கேன்டர்பரியில் இருக்கும் என் வீட்டு அடுப்படியிலிருந்து பேசுகிறேன். இந்தப் பாத்திரத்தில் இப்போது இருப்பது வெறும் தண்ணீர், எட்டு லிட்டர்; தானியம் உறிஞ்சியதும் கொதியில் ஆவியானதும் போக ஐந்து லிட்டர் மிஞ்சும். அது 69 டிகிரிக்குச் சூடேறும் வரை பேச நமக்கு நேரம் இருக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி 1963 வரை இருந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். இன்று சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், ஆனால் விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1978 இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் கூட்டாட்சிச் சட்டம் இதற்கு வழிவிட்டது. தமிழ்நாட்டில் 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது, அங்கே வீட்டில் காய்ச்சுவது குற்றம். அங்கிருந்து பார்ப்பவர்கள் தெரிந்துகொள்வதற்காகப் பாருங்கள், செய்து பார்க்காதீர்கள். இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒரு டின்னை நீட்டுவார்கள். கெட்டியான மால்ட் பாகு, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூ ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதோடு ஒரு கிலோ சர்க்கரை, 23 லிட்டர் தண்ணீர், ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. நான் அதை வேண்டாம் என்றுதான் சொல்வேன். சர்க்கரை முழுவதும் சாராயமாக மாறிவிடும், வாயில் நிற்க எதையும் விட்டுவைக்காது. அதனால் பீர் தண்ணீராக இருக்கும். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, தானியத்தின் முகத்தையே பார்க்காமல் ஒருவர் பீர் காய்ச்சி முடித்துவிடுகிறார் என்பதுதான். ஐந்து லிட்டர் போதும். 12 லிட்டர் பாத்திரம், ஒரு துணிப்பை, ஒரு நல்ல வெப்பமானி. தானியத்திலிருந்தே தொடங்கலாம்.

இதோ, மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகத்தில் செய்த மால்ட், 1.1 கிலோ. நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும் கிரிஸ்டல் மால்ட் 80 கிராம். இரண்டும் கடையிலேயே நொறுக்கி வாங்கியவை. நாலு மணியை எடுத்து மென்று பாருங்கள், பிஸ்கட் வாசனை வரும். பார்லியை ஊறவைத்து, முளை எட்டிப் பார்க்கும்போது உலர்த்திவிட்டால் அதுதான் மால்ட். நம் வீடுகளில் முளைகட்டிய கேழ்வரகு மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள் அல்லவா? சாதாரண மாவைப் போல அது கெட்டிப்படாது, இளகி நிற்கும். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உருவாகி மாவுச்சத்தை வெட்டுவதே காரணம். பார்லியிலும் நடப்பது அதேதான், இங்கே நாம் அதை ஒரு மணி நேரம் நிதானமாக வேலை செய்ய விடுகிறோம்.

தண்ணீர் 69 ஆகிவிட்டது. குழாய்த் தண்ணீர் என்பதால் குளோரின் போக சோடியம் மெட்டாபைசல்பைட் மாத்திரையில் ஒரு துணுக்கு முன்பே கரைத்துவிட்டேன். அப்படியே விட்டால் அந்தக் குளோரின் பீரில் மருந்து வாசனையாக வந்து நிற்கும். பையைப் பாத்திரத்துக்குள் விரித்து மால்ட்டைக் கொட்டுகிறேன். கட்டி தட்டாமல் கிளற வேண்டும். இப்போது வெப்பமானி 66 காட்டுகிறது. இதுதான் வேண்டும். 62, 63 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகமாகி, பீர் வறண்டுபோகும். 70 ஐ ஒட்டி வைத்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாதவை மிஞ்சி, பீர் கனமாக நிற்கும். முதல் முறைக்கு 66 நல்ல நடுவிடம். மூடி, பழைய போர்வையால் சுற்றிவைக்கிறேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்று காட்டுகிறேன், கேமராவை நெருக்கமாகக் கொண்டுவருகிறேன். வெள்ளைத் தட்டில் இரண்டு சொட்டு. இடது பக்கம் இருப்பது மால்ட் போட்ட ஐந்தாம் நிமிடத்தில் எடுத்துவைத்தது, வலது பக்கம் இப்போது எடுத்தது. இரண்டின் மேலும் காயத்துக்குப் போடும் அயோடின் ஒவ்வொரு துளி விடுகிறேன். இடது பக்கத்தைப் பாருங்கள், மை கொட்டியதுபோலக் கறுநீலம். அது மாவுச்சத்து. வலது பக்கம் அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே இருக்கிறது. மாவு இருந்த இடத்தில் இப்போது இருப்பது சர்க்கரை. நான் இதை ஒவ்வொரு தடவையும் செய்கிறேன், தேவை இருப்பதால் அல்ல, பார்க்கப் பிடித்திருப்பதால். அயோடின் பட்ட சொட்டைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

பையைத் தூக்கி வடியவிட்டு, மிஞ்சிய இனிப்புச் சாற்றைக் கொதிக்கவைக்கிறேன். இதை வோர்ட் என்பார்கள். பொங்கி வரும், அடுப்பை விட்டு நகராதீர்கள். பொங்கல் அடங்கியதும் ஹாப்ஸ். இது ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் (இங்கே ஈஸ்ட் என்றால் கிழக்கு) என்ற ரகம், என் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் விளைவது. ஒரு பூவைப் பிய்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் தெரிகிறது பாருங்கள். கசப்பும் மணமும் அதில்தான். ஒரு காலத்தில் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் இங்கே வந்து, வாரக்கணக்கில் தங்கி ஹாப்ஸ் பறித்தார்கள். அவர்களுக்கு விடுமுறையும் அதுதான், கூலி வேலையும் அதுதான்.

14 கிராம் இப்போது, ஒரு மணி நேரம் கொதிக்க. அத்தனை நேரம் கொதித்தால்தான் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பு இறங்கும். மணத்துக்கு இன்னொரு ஐந்து கிராம், கடைசிப் பத்து நிமிடத்தில்.

அடுப்பை அணைத்த கணத்திலிருந்து விதி மாறுகிறது. இதுவரை கொதி கிருமிகளைக் கொன்றது, இனி அந்தக் காவல் இல்லை. வோர்ட் இனிப்பானது, வெதுவெதுப்பானது, எது விழுந்தாலும் வளரும். ஆகவே இனி அதைத் தொடும் கரண்டி, புனல், ஜாடி, மூடி, வெப்பமானி எல்லாமே முதலில் கழுவி, பிறகு கிருமிநாசினிக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது என்பதால் கழுவுவதைத் தவிர்க்க முடியாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட தொட்டியில் வைத்தால் அரை மணியில் 20 டிகிரிக்கு வந்துவிடும். ஐந்து லிட்டரின் அருமை இங்கேதான் தெரியும்.

சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.045 காட்டுகிறது. ஜாடியில் ஊற்றி நன்றாகக் குலுக்குகிறேன், ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும். ஏல் என்ற பீர் வகைக்கான உலர்ந்த ஈஸ்ட், 11 கிராம் பொட்டலத்தில் பாதி. 1516 இல் பவேரியாவில் பீருக்குச் சட்டம் போட்டவர்கள் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே குறித்தார்கள், ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. 1883 இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அந்த ஆலை அதைப் பூட்டிவைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. இந்தச் சின்னப் பொட்டலத்தைக் கிழிக்கும்போதெல்லாம் அந்தப் பெருந்தன்மையை நினைத்துக்கொள்கிறேன்.

இது மூன்றாம் நாள் எடுத்தது. மேலே பழுப்பு நுரை, வாயுவை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத ஏர்லாக் என்ற அடைப்பில் விடாமல் குமிழி. ஜாடியை 18 முதல் 20 டிகிரிக்குள் வையுங்கள், இருட்டில். 25 ஐத் தாண்டினால் பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் போன்ற நெடி வரும். வெயில் காலமானால் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத் துண்டு சுற்றுங்கள்.

ஐந்தாறு நாளில் குமிழி நின்றுவிடும். உடனே பாட்டிலில் அடைக்கக் கை பரபரக்கும். தயவுசெய்து காத்திருங்கள். முதல் பீர் கெடுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இந்த அவசரம்தான். நொதிக்கும்போது ஈஸ்ட் வெண்ணெய் வாசனை தரும் டையசெட்டிலையும் பச்சை ஆப்பிள் வாசனை தரும் அசிட்டால்டிஹைடையும் உண்டாக்குகிறது. பிறகு அவற்றைத் தானே உட்கொண்டு சரிசெய்கிறது. அதற்கு இன்னும் ஒரு வாரம் கொடுங்கள். ஏர்லாக்கை நம்பாதீர்கள், ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் முடிந்தது என்று பொருள். எனக்கு 1.012. முன்பு இருந்த 1.045 இலிருந்து இதைக் கழித்து 131 ஆல் பெருக்கினால் சாராயத்தின் அளவு சுமார் 4.3 சதவீதம்.

அளக்காமல் அடைத்தால் உள்ளே மிஞ்சிய சர்க்கரை தொடர்ந்து நொதித்து, அழுத்தம் ஏறி, கண்ணாடி பாட்டில் வெடிக்கும். கண்ணும் கையும் போகிற விஷயம் இது. பீர் பாட்டிலுக்குள் நுரைக்க 500 மில்லிக்கு இரண்டரை கிராம் சர்க்கரை போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பழுப்புக் கண்ணாடியே நல்லது. நிறமற்ற பாட்டிலில் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து சில நிமிடங்களிலேயே துர்நாற்றம் எடுக்கும். ஊற்றும்போது சலசலக்க விடாமல் குழாயைப் பாட்டிலின் அடிவரை இறக்குங்கள். இந்தக் கட்டத்தில் ஆக்சிஜன் சேர்ந்தால் பின்னால் பீரில் அட்டைப்பெட்டி வாசனை வரும்.

இரண்டு வாரம் அறை வெப்பத்தில், பிறகு குளிர்பெட்டியில் இரண்டு நாள். ஒரே மூச்சில் சாய்த்து ஊற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டை மட்டும் பாட்டிலிலேயே விடுங்கள். இதே அளவில், ஹாப்ஸை மட்டும் ஃபகிள் ரகத்துக்கு மாற்றி அடுத்த காணொளியில் காய்ச்சப்போகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்கலாம். வணக்கம்.