மூங்கில் ஆணியைக் கழற்றினால் தெரிவது: ஜப்பானிய அதிகாரிகளின் போர்க்கால வாள்கள்

வணக்கம். என் கையில் நீங்கள் பார்ப்பது ஒரு சிறிய மூங்கில் ஆணி. ஜப்பானியர் இதை மெகுகி என்கிறார்கள். வாளின் அலகையும் கைப்பிடியையும் பிணைத்து வைத்திருப்பது பெரும்பாலும் இந்த ஒற்றை ஆணிதான். இதைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று, உள்ளே மறைந்திருக்கும் காம்பு வெளியே வரும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்டிருந்தவை எல்லாம் சாமுராய் வாள்கள் என்று சென்ற காணொளியில் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அது தவறு. கைப்பிடியோடும் உறையோடும் பார்க்கையில் அவை ஒன்றுபோலத்தான் இருக்கும். எது எப்படிப் பிறந்தது என்பதைக் காம்புதான் சொல்லும்.

மரபு வழியில் வாள் பிறக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷிமானே மாவட்டத்து மலைப்பகுதியில் தத்தாரா என்னும் களிமண் உலையில், மூன்று நாள் இரவு பகலாக, சுமார் 10 டன் இரும்பு மணலையும் 12 டன் மரக்கரியையும் மாறி மாறிக் கொட்டி எரித்தால், அடியில் ஏறக்குறைய இரண்டரை டன் எடையுள்ள ஒரு பாளம் திரளும். அதை உடைத்துப் பொறுக்கினால் கிடைக்கும் நல்ல எஃகுக்குத் தமஹகானே என்று பெயர். கொல்லர் அதைக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, மடித்து, மறுபடியும் அடிக்கிறார். பத்து முறை மடித்தால் 1,024 அடுக்குகள். அழகுக்காகச் செய்யும் வேலை என்று இதை நினைத்துவிட வேண்டாம். கசடு வெளியேறவும், எஃகில் உள்ள கரிமம் எங்கும் சீராகப் பரவவும் இதுவே வழி.

வாளின் உயிர் நிற்பது தோய்ச்சலில். அலகின் முதுகில் தடிப்பாகவும் வெட்டும் விளிம்பான வாய்ப்பக்கம் மெல்லிதாகவும் களிமண் பூசிக் காயவைத்து, நெருப்பின் நிறத்தைக் கண்ணால் அளப்பதற்காகப் பட்டறையை இருட்டாக்கி, பழுத்த அலகைக் கொல்லர் தண்ணீரில் இறக்குகிறார். மண் மெல்லிதாக உள்ள வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும் தன்மையோடு நிற்கிறது. வாளின் வளைவும், ஹமோன் எனப்படும் அலை போன்ற கோடும் இந்த ஒரு நொடியில் தோன்றுபவை. அதே நொடியில் வாயில் விரிசல் விழுந்தால் பல நாள் உழைப்பு வீண்.

1876இல் பொது இடங்களில் வாள் அணிவதற்கு அரசு தடை விதித்த பிறகு, இத்தொழிலைச் செய்தவர்களில் பலர் கத்தியும் அரிவாளும் அடிக்கப் போனார்கள். படை அதிகாரிகளின் வாளும் கைக்காப்பு வளையத்தோடு ஐரோப்பியச் சாயலுக்கு மாறியிருந்தது. 1930களில் தேசியவாதம் மேலோங்கியபோது காற்று திசை மாறியது. 1934இல் வந்த புதிய வாளின் அமைப்பு, பழைய காமகுரா காலத்துத் (12–14ஆம் நூற்றாண்டு) தாச்சி என்னும் நீண்ட வளைந்த வாளைப் பார்த்துச் செய்யப்பட்டது. உலோகப் பாகங்களில் செர்ரிப் பூக்கள், கைப்பிடியில் திருக்கைத் தோல். அதற்கு முந்தைய ஆண்டு, போரில் இறந்தோரின் நினைவாக டோக்கியோவில் உள்ள யசுகுனி ஆலய வளாகத்தில் படைத்துறையின் ஆதரவோடு ஒரு வாள் பட்டறை தொடங்கப்பட்டது. அதற்கு எஃகு வேண்டும் என்பதற்காகவே, அணைந்து கிடந்த தத்தாரா ஷிமானேயில் மீண்டும் மூட்டப்பட்டது. 1945 வரை யசுகுனிப் பட்டறையில் சுமார் 8,100 வாள்கள் அடிக்கப்பட்டன. இந்த மரபைப் போர் அழித்தது என்று சொல்வது எளிது. அந்தப் போருக்கான ஆயத்தமே அதற்கு மூச்சும் கொடுத்தது என்பதுதான் எனக்கு நெருடுகிறது.

ஆனால் அதிகாரிகள் தங்கள் வாளைச் சொந்தச் செலவில்தான் வாங்க வேண்டும். சிலர் பரம்பரை வாளையே படைக்குரிய உறையில் பொருத்திக்கொண்டார்கள். 1937இல் சீனாவுடன் போர் மூண்டு படை பெருகியபோது, கையால் அடித்து மாளாது. கிஃபு மாவட்டத்தின் செக்கி நகரம் இயந்திரத்தின் துணையோடு விரைவாக வாள் செய்வதில் முன்னால் நின்றது. அங்கே ஆலை எஃகுப் பட்டையை எடுத்து, இயந்திரச் சுத்தியால் வடிவாக்கி, எண்ணெயில் தோய்த்தார்கள். எண்ணெய் மெதுவாகக் குளிர்விப்பதால் விரிசல் பயம் குறைவு. ஆனால் தண்ணீர்த் தோய்ச்சலில் தெரியும் நுண்மணிகள் ஹமோனில் இருக்காது. அப்போது ஜப்பானின் பிடியில் இருந்த மஞ்சூரியாவில் தெற்கு மஞ்சூரிய ரயில்வே நிறுவனம்கூட வாள் செய்தது! கடின எஃகுக் குழாய்க்குள் மென்மையான இரும்பைச் செருகி அடித்த அந்த வாள்கள், என் கணிப்பில், போர்க்களத்துக்கு மிகப் பொருத்தமானவை.

இப்போது திரையில் தெரியும் காம்பைப் பாருங்கள். கொல்லரின் பெயருக்கு மேலே ஒரு சிறிய முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. "ஷோவா" (அன்றைய பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர்) அல்லது "செக்கி" என்னும் எழுத்து இருந்தால், மரபு முறையில் செய்யாத அலகு என்று பெரும்பாலும் கொள்ளலாம். நட்சத்திர முத்திரை, படைத்துறை அங்கீகரித்த கொல்லருடையது. சார்ஜென்ட் போன்ற, அதிகாரி நிலைக்குக் கீழ்ப்பட்ட படையினருக்கு அரசே கொடுத்த 1935ஆம் ஆண்டு வகை வாளில் பெயரே கிடையாது, வரிசை எண் மட்டும்தான். அதன் கைப்பிடியில் தெரியும் கயிற்றுச் சுற்றும் பெரும்பாலும் வார்த்த அலுமினியத்தின் மேல் பூசிய வண்ணமே.

சரணடைந்த பின் நேசப் படைகள் இலட்சக்கணக்கில் வாள்களைப் பறிமுதல் செய்தன. டோக்கியோவின் அகாபானே கிடங்கில் குவிந்தவற்றுள் கலை மதிப்புள்ள சுமார் 5,500 மட்டும் பின்னர் தேசிய அருங்காட்சியகத்திடம் சேர்ந்தன. இன்றும் ஜப்பானில் வாளைக் கலைப்பொருளாகப் பதிவு செய்தால்தான் வைத்திருக்க முடியும். யசுகுனியில் அடித்த வாளுக்கு அந்தப் பதிவு கிடைக்கும். எண்ணெயில் தோய்த்த செக்கி வாள் ஒரு பழைய வீட்டுப் பரணில் அகப்பட்டால், அதைக் காவல் துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அது அழிக்கப்படும். ஆகவே அந்த வகை வாள்களை இன்று பார்க்க வேண்டுமானால், வெற்றி பெற்ற வீரர்கள் நினைவுப் பொருளாக எடுத்துச் சென்ற அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், ஆணியைக் கழற்றிப் பாருங்கள். காம்பின் துருவை மட்டும் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். அலகின் வயதை அந்தத் துருவின் நிறத்தைக் கொண்டுதான் கணிக்கிறார்கள்.