ஸ்மெக்டைட் கிடைத்தால் மழை என்று எழுதிவிடலாமா?

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது கரிசல் மண் கட்டி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் உப்பிக்கொண்டு காலை விடாது, அதே மண்தான். இதில் நிறைய இருப்பது ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம். அதன் மெல்லிய ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்துகொள்வதால்தான் மண் உப்புகிறது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு சீனாவுக்கு வாருங்கள்.

திரையில் தெரிவது சென்சி மாகாணத்தில் உள்ள லுவோச்சுவான். 130 மீட்டருக்கு மேல் தடிமனான படிவு. வெளிர் மஞ்சள் பட்டை, செம்பழுப்புப் பட்டை என்று மாறி மாறித் தெரிகிறதா? மஞ்சளாக இருப்பது லோயஸ். வடமேற்கில் உள்ள வறண்ட நிலங்களிலிருந்து குளிர்காலப் பருவக்காற்று அள்ளி வந்து கொட்டிய புழுதி. பனியுகங்களில் அது வேகமாகக் குவிந்தது. இடையில் உலகம் வெதுவெதுப்பானபோது கோடைப் பருவமழை வலுத்தது, புழுதி குறைந்தது, புல் முளைத்தது, புழுதி மண்ணாக மாறியது. அதுதான் செம்பழுப்புப் பட்டை. இப்படியே சுமார் 26 லட்சம் ஆண்டுகள்! 1982-இல் ஃப்ரீட்ரிக் ஹெல்லர், லியு துங்ஷெங் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த அடுக்குகளில் பதிந்திருந்த புவிகாந்தத் திசை மாற்றங்களை வைத்து வயதைக் கணித்தார்கள். அதன்பிறகுதான் இந்தச் சுவரைக் பனியுகங்களின் வரலாறு பதிந்த கடலடிப் படிவுகளோடு நம்பிக்கையாக ஒப்பிட முடிந்தது.

சரி, களிமண்ணுக்கு வருவோம். குளிரும் வறட்சியும் பாறையை உடைத்துப் பொடியாக்கும், ஆனால் கனிமத்தை அவ்வளவாக மாற்றாது. அதனால் லோயஸில் இல்லைட், குளோரைட் என்ற கனிமங்கள் அப்படியே வந்து சேர்கின்றன. மழையும் வெப்பமும் கூடினால் குளோரைட் சீக்கிரம் சிதையும். இல்லைட் தன் ஏடுகளைப் பிடித்துவைத்திருக்கும் பொட்டாசியத்தை இழக்கும், வெர்மிகுலைட் என்ற இன்னொரு களிமண் கனிமமாகும், பிறகு ஸ்மெக்டைட்டாகும். கயோலினைட் என்ற களிமண் கனிமம் உருவாக இன்னும் பலமான நீர்க்கசிவு வேண்டும்.

அப்படியென்றால் ஸ்மெக்டைட் கூடிய அடுக்கு மழைக்காலம், இல்லைட் கூடிய அடுக்கு வறட்சி. கணக்கு முடிந்ததா? இல்லை. நான் இந்த வீடியோ எடுப்பதே இதைச் சொல்லத்தான். புழுதி வரும்போதே கையில் களிமண்ணோடுதான் வருகிறது. அந்த ஸ்மெக்டைட்டோ கயோலினைட்டோ புழுதி கிளம்பிய இடத்துப் பழைய பாறையில் எப்போதோ உருவானதாக இருக்கலாம். காற்று வேறு பக்கமிருந்து வீசினாலே விகிதம் மாறிவிடும், ஒரு சொட்டு மழைகூடத் தேவையில்லை. ஒரே ஒரு விகிதத்தை வரைபடமாகப் போட்டு, பக்கத்தில் ‘மழையளவு’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அங்கேயே உருவானதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரே மண் அடுக்கை வறண்ட வடமேற்கிலிருந்து ஈரமான தென்கிழக்கு வரை தொடர்ந்து போங்கள். சிதைவும் அதே திசையில் படிப்படியாகக் கூடினால் மழையின் கை இருக்கிறது. சுண்ணாம்பையும் பாருங்கள். நீர் மேலிருந்து கரைத்துக் கீழே இறக்கிய சுண்ணாம்பு, மண் அடுக்குக்கு அடியில் இஞ்சிக் கிழங்கு போல முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். சீனர்கள் அதை இஞ்சிக்கல் என்றே சொல்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால் நான் நம்புவேன்.

கனிமத்தை அடையாளம் காண எக்ஸ் கதிர் வேண்டும், ஏடுகளின் இடைவெளியை அதுதான் காட்டும். ஸ்மெக்டைட்டுக்கு எத்திலீன் கிளைக்கால் ஆவி காட்டினால் ஏடுகளின் இடைவெளி சுமார் 17 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) வரை விரியும். குளோரைட் விரியாது. கயோலினைட்டை 550 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் அதன் அடையாளமே மறைந்துவிடும்.

அதற்கு முந்தைய வேலையை, அதாவது மண்ணிலிருந்து களிமண்ணைப் பிரிப்பதை மட்டும் வீட்டில் செய்யலாம். காலையில் இந்தக் கரிசலை நீரில் கலக்கி வைத்தேன். உப்பைக் கழுவாவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சீக்கிரம் படிந்துவிடும், அதனால் நான்கு முறை கழுவினேன். 20 டிகிரியில் 2 மைக்ரானைவிட (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய துகள்கள் 10 செ.மீ. இறங்க ஏறத்தாழ 8 மணி நேரம். இப்போது மணி மாலை நான்கு. மேலே இன்னும் கலங்கலாக நிற்கிறதே, அதுதான் களிமண். அதை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் ஊற்றுகிறேன். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள்.