பயிற்சிக்கு யார் போவது?

நண்பர்களே, வணக்கம். ஆசிரியர் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்கு யார் போகிறார், யார் போவதே இல்லை என்பதை மட்டும் நான் பேசுகிறேன்.

ஒரு சுற்றறிக்கை வருகிறது. நாளைக் காலை பயிற்சி, பள்ளிக்கு ஒருவரை அனுப்புக. தலைமையாசிரியருக்கு யோசிக்க நேரமில்லை. எந்த முகம் முதலில் நினைவுக்கு வருகிறதோ அந்தப் பெயரை எழுதிவிடுகிறார். பெரும்பாலும் அது போன முறை போனவர் முகம்தான். "அவர்தான் நல்லா செய்வார்" என்பார்கள். ஐந்து முறை போனவர் ஆறாவது முறையும் நன்றாகத்தான் செய்வார். ஒருமுறைகூடப் போகாதவர் எப்போது நன்றாகச் செய்வது? இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதனாலேயே இதைச் சரிசெய்வது கடினம்.

மறுபக்கமும் உண்டு. வெளியூர், தங்கும் வசதி, சான்றிதழ் என்றால் பணிமூப்பு பேசும். ஞாயிற்றுக்கிழமை என்றால் புதிதாகச் சேர்ந்தவர் பெயர் தானாக மேலே வந்துவிடும். சிரிக்கிறீர்கள், தெரிந்த கதை போலிருக்கிறது.

1966 அக்டோபர் 5 அன்று ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரை ஒன்று பாரிஸில் ஏற்கப்பட்டது. யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்தது. அந்த நாள்தான் 1994 முதல் உலக ஆசிரியர் நாள். பணியிடைப் பயிற்சி எல்லா ஆசிரியர்களுக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இலவசம் என்பதை எப்படியோ செய்துவிடுகிறோம். 'எல்லா' என்ற சொல்லில்தான் தடுக்குகிறோம்.

எங்கே தடுக்குகிறது? ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு பல நாடுகளில் நடத்திய 2018 டாலிஸ் ஆய்வில், பயிற்சிக்குத் தடை எது என்று ஆசிரியர்களைக் கேட்டார்கள். வேலை நேரத்தோடு மோதுகிறது என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அவர் வகுப்பை இன்னொருவர் பார்க்க வேண்டும். அந்த சப்ஸ்டிட்யூஷன் பீரியட், ஓய்வாக இருந்த சக ஆசிரியர் தலையில் விழுகிறது. போகிறவருக்குச் சங்கடம், இருப்பவருக்கு எரிச்சல். ஓராசிரியர் பள்ளியில் அதுவும் முடியாது, அவர் போனால் பள்ளியே மூடிவிடும். பாடவேளைக் கணக்கில் சம்பளம் வாங்கும் பகுதிநேர ஆசிரியருக்கோ ஒரு நாள் பயிற்சி ஒரு நாள் கூலி இழப்பு. ஓவிய ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர் பெயரை யாரும் எழுதுவதேயில்லை.

இணையவழியில் வைத்தால் தீர்ந்தது என்கிறார்கள். பள்ளி நேரத்தில் நடந்த பயிற்சி, இரவு சமையலுக்கும் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இடம் மாறியது, நேரம் கிடைக்கவில்லை.

ஜப்பானிய ஆசிரியர்களின் பாட ஆய்வு முறை எனக்குப் பிடிக்கும். சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து கவனிப்பார்கள். பிறகு விவாதிப்பார்கள். யாரையும் தேர்ந்தெடுத்து வெளியே அனுப்பும் கேள்வியே இல்லை. ஆனால் அதற்கும் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாடவேளை வேண்டும். பயிற்சிக்கு நிதி கேட்கும்போது, மாற்று ஆசிரியருக்கான ஊதியத்தையும் அதே தாளில் சேர்த்துக் கேளுங்கள்.

அதுவரை ஆசிரியர் ஓய்வறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். எல்லோர் பெயரும், ஒவ்வொருவரும் கடைசியாகப் பயிற்சிக்குப் போன தேதியும். கட்டம் காலியாக இருப்பவர்தான் அடுத்தவர். அவர் "நான் வரவில்லை" என்றால், விருப்பமில்லை என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவாதீர்கள். என்ன மாறினால் வர முடியும் என்று ஒருமுறை கேளுங்கள்.